பிரெட் சோன்ஸ்: தொண்டை அரிக்காமல் சமைக்கும் முறை

மொரீசியஸில் நாம் பிரெட் சோன்ஸ் என்று சொல்வது சேம்பு இலை. மத்திய மேட்டுநிலத்தில் கியூர்பிப், வக்குவா பக்கம் மழை அதிகம் என்பதால் ஓடைக்கரை எங்கும் தானாகவே மண்டிக் கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை, மழை தொடர்ந்து பெய்யும் நாட்களில், இலை இளசாகக் கிடைக்கும். காசு கொடுக்காமல் கிடைக்கும் கீரைகளில் ருசிக்கு இதுதான் முதல். ஆனால் அரைவேக்காட்டில் இறக்கினால் சாப்பிட்டவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் நுண்ணிய ஊசிகளாக நிறைந்திருக்கிறது. நாக்கிலும் தொண்டையிலும் குத்துவது அதுதான். புளி சேர்த்தால் அரிக்காது என்று பாதி சமையலில் அடுப்பை அணைப்பவர்கள் உண்டு. புளி அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். வேகாத இலையை அது காப்பாற்றாது. நீண்ட நேரம் வேகவிடுவதே வழி.

பறிக்கும்போது செடியைச் சரியாகப் பாருங்கள். சேம்பின் காம்பு இலையின் விளிம்பில் சேராது. மேல்பக்கப் பிளவிலிருந்து சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். இலை நுனி தரையைப் பார்த்துத் தொங்கும். மேலே தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடும். இதே சாயலில், நுனி வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, காம்பு பிளவின் அடியிலேயே சேர்ந்த பெரிய இலைச் செடி ஒன்றும் ஈரமான இடங்களில் வளரும். தோட்டத்து அழகுச்செடியாகவும் வைப்பார்கள். அதைத் தொடவே வேண்டாம், எவ்வளவு வேகவைத்தாலும் தொல்லைதான். சந்தேகம் வந்தால் பறிக்காமல் விட்டுவிடுங்கள்.

இன்னும் முழுதாக விரியாமல் சுருண்டிருக்கும் இலையும், விரிந்து ஓரிரு நாள் ஆன இலையும் போதும். முற்றிய கரும்பச்சை இலை நார் நாராக நிற்கும். ஊர்ச் சாக்கடை கலக்கும் ஓடை, களைக்கொல்லி அடிக்கும் கரும்புக்காட்டு ஓரம், இரண்டும் கூடாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஓடைத் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு.

நாலு பேருக்கு அரைக் கிலோ இலையும் இளந்தண்டும் வேண்டும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, இலையைக் கழுவும் முன்பே தண்டின் மெல்லிய தோலை நுனியிலிருந்து இழுத்து உரியுங்கள். ஈரக் கையில் அரிப்பு கூடும். உரித்த பிறகு கழுவி, தண்டை விரல் நீளத்துக்கும் இலையைப் பொடியாகவும் நறுக்குங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு 10 நிமிடம் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கீரையின் சாரம் போகிறதே என்று தயங்க வேண்டாம். கரையக்கூடிய ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோடு போகும்.

இரும்புக் கராயில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு பெரிய வெங்காயம், ஐந்து பல் பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி, இரண்டு காய்ந்த மிளகாய் வதக்குங்கள். பிழிந்த கீரையைச் சேர்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, சிறு தீயில் குறைந்தது 40 நிமிடம். அடிக்கடி கிளறினால்தான் அடிபிடிக்காது. பாதி நேரத்தில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பு கடைசியில் போதும்: குவியலாக இருக்கும் கீரை ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும், முதலிலேயே போட்டால் கரித்துப்போகும். கொகோத் மினித்தில், அதாவது பிரஷர் குக்கரில், வைப்பதானால் 15 நிமிடம், பிறகு திறந்து வைத்து நீரை வற்றவிடுங்கள். தண்டின் துண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் கூழாக வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். கொஞ்சமாவது சுணைத்தால் அரை டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி மூடுங்கள்.

சாதாரண நாளில் ஊறவைத்துப் பொரித்த உப்புமீன் 100 கிராம் கடைசியில் சேரும். தைப்பூசக் காவடி விரத நாட்களில் அதற்குப் பதில் வெந்த பருப்பு இரண்டு கரண்டி. நம் வாய்க்கு அதுவே ஒரு படி மேல். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தக் கீரையை விட்டுவிடுவது நல்லது.

மற்றக் கீரைகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. பிரெட் மார்த்தேன், அதாவது மணத்தக்காளி, வேலியோரமே கிடைக்கும். நட்சத்திர வடிவ வெள்ளைப் பூவின் நடுவே மஞ்சள் இருக்கும். இலையை மட்டும் ஆய்ந்து பூண்டு தட்டிப்போட்ட பூயோனில், அதாவது தெளிவான சாற்றில், 10 நிமிடம். பச்சைக் காய் விஷத்தன்மை உள்ளது, ஒன்றுகூட விழக்கூடாது. கசப்பு பிடிக்காதவர்கள் முதல் கொதி தண்ணீரை மாற்றலாம். இலை பெரிதாகி, நாற்றமடித்து, பூ நீண்ட குழல்போல இருந்தால் அது ஊமத்தை. பிரெட் மலபார் முளைக்கீரை இனம். பூக்கதிர் எட்டிப்பார்க்கும் முன் கிள்ளினால்தான் மென்மை. ஓடையில் பறிக்கும் கிரெசோனை, அதாவது வாட்டர்கிரெஸ் கீரையை, மட்டும் பச்சையாகச் சாலட் போடாதீர்கள். மேலே மாடு மேயும் இடமென்றால் ஈரல் புழு அதன் இலையில் ஒட்டியிருக்கலாம், கழுவினாலும் போகாது. பூயோனில் கொதிக்கவிட்டே சாப்பிடுங்கள்.