தெளியாத வைனை வடிகட்டாதீர்கள்

முதல் வருடம் என் வைனைக் கோப்பி வடிக்கும் தாளில் வடித்தேன். ஒரு கப் ஊற்றுவதற்குள் தாள் அடைத்துக்கொண்டது. விடிய விடியப் புனலோடு நின்று நாலு லீற்றர் தேறியது. அதுவும் காற்றுப்பட்டுப் பழுப்பேறி, வெட்டி வைத்து மறந்த அப்பிள் மாதிரி மணத்தது.

இப்போதும் கனடாவில் ஸ்காபரோ வீட்டில் ஒவ்வொரு செப்டம்பரும் நயாகரா பக்கத்துக் கொன்கோர்ட் திராட்சையில் 23 லீற்றர் போடுகிறேன். தெளிந்த வைனுக்கு மினுக்கம் ஏற்றத்தான் பில்டர், தட்டுகளுக்கிடையே கடதாசி அட்டைகள் செருகிப் பம்பால் வைனைத் தள்ளும் கருவி. கலங்கலை அதில் விட்டால் அட்டைகள்தான் வீணாகும்.

முதலில் நொதிப்பு முடிந்ததா பாருங்கள். வைனின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றர் மூன்று நாளாக 0.995 பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு நீண்ட கரண்டியால் கிளறி உள்ளே இருக்கும் வாயுவை வெளியேற்றுங்கள். வாயு இருக்கும்வரை மண்டி அடியில் படியாது.

அடுத்தது குடுவை மாற்றுவது. வைன் குடுவையை மேசையில், வெறுங்குடுவையைத் தரையில் வையுங்கள். குழாயின் மேல் நுனி மண்டிக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். கீழ் நுனி அடியைத் தொடட்டும், சளசளவென்று விழக்கூடாது. கடைசி அரை லீற்றருக்கு ஆசைப்படாதீர்கள். 23 லீற்றருக்கு 5 கம்ப்டன் மாத்திரை (வைன் கெடாமல் காக்கும் சல்பைற்று) பொடித்துப் போட்டு, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள்.

இனிக் குளிர் பார்த்துக்கொள்ளும். டிசம்பரில் குடுவையைக் கராஜுக்குக் கொண்டுபோவேன். 0 பாகைக்குச் சற்று மேலே இருந்தால் போதும், உறைய விடக்கூடாது. ஆறு வாரத்தில் அடியில் ஊதா நிற மண்டியும் கற்கண்டுத் தூள் போன்ற படிகங்களும் கிடக்கும். அது கண்ணாடித் துண்டு என்று பயந்த ஆள் நான். திராட்சையின் புளிப்பு உப்புத்தான், கெடுதல் இல்லை.

ஒரு கிளாசில் எடுத்துப் பின்னால் ரோர்ச் அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றை பால் போலத் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. கொன்கோர்ட்டில் பழச்சாற்றை இறுக வைக்கும் பெக்டின் அதிகம், ஜெலி செய்ய வாங்கும் பழம் அல்லவா. ஒரு கரண்டி வைனில் நாலு கரண்டி ஸ்பிரிட் விடுங்கள்; இழை இழையாகத் திரண்டால் பெக்டின்தான். சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், குடிக்கக்கூடாது. பெக்டினைக் கரைக்கும் நொதியைப் பழம் நசுக்கும் அன்றே போட்டிருந்தால் நல்லது. இப்போதும் போடலாம், மதுவுக்குள் மெதுவாகத்தான் வேலை செய்யும். இழை திரளாவிட்டால் புரதமாக இருக்கலாம். பென்டனைட் களிமண்ணை வெந்நீரில் ஊறவைத்துக் கலக்குங்கள். நிறம் கொஞ்சம் போகும்.

ரோர்ச் வெளிச்சம் சுத்தமாக ஊடுருவிய பிறகுதான் பில்டர். அட்டைகளைத் தண்ணீரில் நனைத்துப் பொருத்தி, கடதாசி ருசி போகும்வரை நாலைந்து லீற்றர் தண்ணீர் ஓட்டுங்கள். முதலில் வரும் நீர்த்த வைனை ஊற்றிவிடுங்கள். தட்டுகளின் இடுக்கில் சொட்டும், கீழே ஒரு தட்டம் வையுங்கள். பம்ப் முனகினால் அட்டை அடைத்துவிட்டது, அழுத்தாமல் மாற்றுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். வீட்டு பில்டர் ஈஸ்ட் எல்லாவற்றையும் பிடிக்காது. மாமிக்கு இனிப்பாக வேண்டுமென்று ஒருமுறை வடித்த வைனில் சீனி கரைத்துப் போத்தலில் அடைத்தேன். மூன்றாம் வாரம் குசினி அலுமாரிக்குள் தக்கை பறந்து அரிசிப் பை முழுக்க ஊதா. சீனி போடுவதானால் கம்ப்டனோடு, ஈஸ்ட் பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சோர்பேட்டும் சேர்த்து, இரண்டு வாரம் குடுவையிலேயே வைத்துப் பார்த்துவிட்டுப் போத்தலில் அடையுங்கள்.