பல்கலைக்கழகத்தில் புதுப் பாதுகாப்புக் கருவி: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

2015 ஜூலையில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவப் பிரிவில் ஹேக்கர்கள் புகுந்த செய்தி வெளியானது. சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் அங்கே இருந்தன. பதறிப்போன தலைமையகம், எல்லா வளாகங்களின் நெட்வொர்க்கிலும் கண்காணிப்புக் கருவி பொருத்த உத்தரவிட்டது.

சரி, அதில் தப்பில்லை. பேராசிரியர்களிடம் மூச்சுவிடாமல் செய்ததுதான் தப்பு. அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஐ.டி. ஊழியர்களுக்கே வாய்ப்பூட்டு. 2016 தொடக்கத்தில் விஷயம் கசிந்து, பத்திரிகை வரை போனது. வளாகத்துக்குள் வந்துபோகும் தரவை 30 நாளுக்கு மேல் சேமிக்கும் வசதி அதில் இருப்பதாகப் பேராசிரியர்கள் குற்றம் சாட்டினார்கள். அப்போதைய தலைவர் ஜேனட் நபோலிடானோ, அதற்கு முன்பு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்தவர். சந்தேகம் கிளம்பக் கேட்கவா வேண்டும்?

தாக்குதலை எந்த விதியை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்பதை ரகசியமாக வைக்கலாம். என்ன சேகரிக்கிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்வதால் எந்த ஹேக்கருக்கும் லாபமில்லை.

அடுத்த தவறு, விற்பனையாளர் கொடுத்த அமைப்பை அப்படியே விட்டுவிடுவது. லேப்டாப்பில் போடும் எண்ட்பாயிண்ட் மென்பொருள், அதாவது அந்தக் கணினியையே கண்காணிக்கும் மென்பொருள், பொதுவாக எந்த நிரல் ஓடியது, எந்தக் கோப்பு உருவானது என்றெல்லாம் குறித்துக்கொள்ளும். கோப்பைத் திறக்கவே வேண்டாம். ‘விவாகரத்து மனு’ என்ற பெயர் பதிவில் இருந்தாலே போதும், அந்தரங்கம் அம்பலம். பெயரை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துப் பேட்டி எடுத்த ஆய்வாளரின் கோப்புறையில் பேட்டி கொடுத்தவர்களின் பெயர்களே கோப்புப் பெயர்களாக இருந்தால்? சந்தேகத்துக்குரிய கோப்பைத் தானாகவே விற்பனையாளரின் கிளவுடுக்கு அனுப்பும் வசதியும் சில கருவிகளில் உண்டு. ஆய்வுக் கணினிகளில் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் தரவை (குறியாக்கம்) நடுவழியில் பிரித்துப் பார்க்கும் ஃபயர்வாலுக்கு, அதாவது நெட்வொர்க்கின் காவல் அரணுக்கு, இன்னும் கவனம் தேவை. வங்கி, மருத்துவத் தளங்களுக்கு விலக்கு கொடுத்தே ஆகவேண்டும். மாணவரின் சொந்த போனில் இப்படிப் பிரித்துப் பார்க்க வழிவிடும் பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் சான்றிதழை நிறுவச் சொல்வது அடாவடி. கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் வைக்கும் இரட்டைச் சரிபார்ப்புக்குப் போனில் ஆப் வேண்டாம் என்பவருக்கு, அதே வேலையைச் செய்யும் ஒரு சின்ன டோக்கன் கருவி கொடுத்தால் போதும்.

அப்புறம், பாதுகாப்புக்கென்று சேர்த்ததை வேறு காரியத்துக்கு எடுப்பது. நேற்று இரவு யார் அறையில் இல்லை என்று பார்க்க யாருடைய போன் எங்கே இணைந்தது என்று காட்டும் வைஃபை பதிவை விடுதிக் காப்பாளர் கேட்பார். வாய்மொழியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். கோரிக்கை எழுத்தில் வரட்டும், ஐ.டி. துறைக்கு வெளியே ஒருவர் அதைப் பார்த்து ஒப்புதல் தரட்டும், அல்லது மறுக்கட்டும்.