ஐரோப்பா போகிறவர்கள் கவனிக்காமல் செய்யும் தவறுகள்

குப்பை போடாமல், சத்தமில்லாமல் நடந்துகொண்டால் போதும், உள்ளூர்க்காரர்களுக்குத் தொல்லை இல்லை என்று நம் ஊர்ப் பயணிகள் பலர் நினைக்கிறார்கள். ஆனால் எந்த வீட்டில் தங்குகிறோம் என்பதுதான் உள்ளூர்க்காரர்களை அதிகம் பாதிக்கிறது.

பார்சிலோனாவில் மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகைக்கு விட்டால் உரிமையாளருக்கு வருமானம் கூடுதல். அதனால் குடியிருந்தவர் வெளியேற, வாரம் ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து இறங்குகிறது. பத்தாண்டுகளில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டதாக 2024இல் சொன்ன மேயர் ஜவுமா கொல்போனி, 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே பயணிகள் மீது போராட்டக்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். சமையலறை இருந்தால் ரசம் வைத்துக்கொள்ளலாம் என்று நம்மவர்கள் வீடு தேடுவது எனக்கும் புரிகிறது. ஆனாலும் ஹோட்டலே மேல். வீடுதான் வேண்டுமென்றால், விளம்பரத்தில் உரிம எண் இல்லாததைத் தொடவே தொடாதீர்கள்.

வெனிஸில் வேறு வகைச் சிக்கல். 1951இல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000கூட இல்லை. காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம் படகுகளையும் பாலங்களையும் அடைத்துக்கொள்கிறது. கடைத்தெருவில் காய்கறிக்குப் பதில் பயணிகள் வாங்கும் திருவிழா முகமூடி விற்கிறார்கள். இந்தப் பகல் கூட்டத்துக்காகவே 2024 ஏப்ரலில் குறிப்பிட்ட நாள்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வந்தது. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவருக்கு, கரைப்பகுதியான மெஸ்த்ரேயில் தங்கினாலும், கட்டணம் இல்லை. ஆனால் விலக்கை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வழிகாட்டியின் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. பேக்கேஜ் டூரில் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கால்வாயில் இறங்குவது, ஆம்ஸ்டர்டாமின் சிவப்பு விளக்குப் பகுதியில் ஜன்னலில் நிற்கும் பாலியல் தொழிலாளர்களைப் படமெடுப்பது போன்றவற்றை விளக்கவே தேவையில்லை.

பெரிய நகரம் வேண்டாம், சின்ன ஊர் போவோம் என்பதும் சில சமயம் தவறுதான். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் வசிப்பவர்கள் 800 பேருக்கும் குறைவு. சீசனில் ஒரே நாளில் 10,000 பேர்வரை வருகிறார்கள். ஏரியைப் படமெடுத்துவிட்டு உடனே கிளம்புகிறவர்களால் ஊருக்கு ஒரு காப்பிக் காசுகூட மிஞ்சுவதில்லை. அதனால்தான் அங்கே டூர் பஸ்கள் முன்பதிவு செய்ய வேண்டும், வந்தால் குறைந்தது இரண்டரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று விதி வைத்தார்கள்.