கிராப்பி மீனுக்கான சிறு ஜிக்கைக் கையால் கட்டுவது எப்படி?

அமெரிக்காவில் மிசிசிப்பியின் கிரெனடா ஏரியிலும் டென்னசியின் ரீல்ஃபுட் ஏரியிலும் பலர் விரும்பித் தேடிச் செல்லும் கிராப்பி, சிறு மீன்களையும் பூச்சிகளையும் தின்று வாழும் நன்னீர் மீன். அதற்கேற்ற ஜிக், அதாவது எடையுள்ள தலை கொண்ட தூண்டில் முள்ளில் இறகு முதலியன கட்டிய செயற்கை இரை, சிறியதாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். தண்ணீரில் அசையாமல் தொங்கும்போதும் அதன் வால் தானே அலைய வேண்டும் என்பதால், மாராபூ இறகைக் கொண்டு கட்டுவதே தொடக்கநிலையினருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. இன்று கடைகளில் இப்பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வான்கோழியின் மென்தூவிதான்.

1/32 அவுன்ஸ் ஜிக் தலை, அதாவது ஒரு கிராமுக்குச் சற்றே குறைவானது, பழகுவதற்குப் போதும். முள் 6 அல்லது 8 ஆம் எண்ணாக இருக்கட்டும். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவான எடையும் கொண்ட ஈய ஜிக்குகளுக்குத் தடை உண்டு. லூன் என்னும் நீர்ப்பறவைகள் அவற்றை விழுங்கி நஞ்சேறி இறப்பதே அதற்குக் காரணம். அத்தகைய இடங்களில் டங்ஸ்டன் தலையை வாங்குங்கள். இவற்றுடன் 140 டெனியர் (நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) நூல், அதைத் தாங்கும் பாபின், ஷெனில் என்னும் மெல்லிய பஞ்சுக் கயிறு, சிறு கத்தரிக்கோல், முள்ளைப் பிடித்துக்கொள்ளும் வைஸ் ஆகியவை தேவை.

முள்ளின் வளைவை வைஸில் இறுக்கி, தண்டு கிடையாக இருக்குமாறு அமையுங்கள். தலையின் பின்புறத்தில் நூலைத் தொடங்கி, முதல் சில சுற்றுகளை நூலின் முனைமீதே ஏற்றிச் சுற்றினால் அது நழுவாது. பின்னர் வளைவு தொடங்கும் இடம் வரை நெருக்கமாகச் சுற்றிச் செல்லுங்கள். வெறும் கம்பியின்மேல் இறகைக் கட்டினால் அது சுழன்றுவிடும்.

அடுத்து வால். கவனம் முழுவதும் தேவைப்படும் கட்டம் இதுதான். இறகிலிருந்து ஒரு சிட்டிகைத் தூவியை எடுத்து விரல்களை நனைத்து நீவினால் அது மெல்லிய கூராக ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் அதன் உண்மையான பருமன் தெரியும். வால் முள்தண்டின் நீளத்தைப் போல ஒன்று முதல் ஒன்றரை மடங்கு இருக்கலாம். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தூவியைத் தண்டின்மேல் அழுத்திப் பிடித்து, விரல்களுக்கிடையே இரண்டு தளர்வான சுற்றுகளை விட்டு, நூலை நேராக இழுத்து இறுக்குங்கள். வால் நீண்டுவிட்டால் கத்தரிக்காமல் நகத்தால் கிள்ளி எடுங்கள். கத்தரித்த வால் தூரிகை நுனிபோல மொண்ணையாகி, அதன் அசைவு குன்றிவிடும்.

ஷெனிலின் ஒரு முனையில் மூன்று மில்லிமீட்டர் அளவு பஞ்சை நகத்தால் உரித்து, உள்ளிருக்கும் நூலை மட்டும் வால் தொடங்கும் இடத்தில் கட்டினால் அங்கே புடைப்பு வராது. கட்டுநூலைத் தலையருகே கொண்டுவந்தபின், ஷெனிலை இடைவெளியின்றி முன்னோக்கிச் சுற்றி, தலையின் பின்னால் நூலால் நான்கைந்து முறை இறுக்கி, மிச்சத்தை நறுக்கிவிடுங்கள்.

முடிப்பதற்கு, விரலில் நூலைக் கண்ணியாக்கி, தலையைத் தாண்டிக் கழுத்தில் மாட்டி இழுக்கும் அரை முடிச்சை மூன்று முறை இட்டால் போதுமானது. நூலின்மேல் ஒரு துளி நிறமற்ற நகப்பூச்சு வையுங்கள். முள்ளின் கண்ணைப் பெயின்ட் அடைத்திருந்தால் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

பூச்சு காய்ந்ததும் ஜிக்கை நூலில் கட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வால் விரிந்து அலையாமல் கட்டையாக நின்றால், அடுத்த ஜிக்கில் தூவியைப் பாதியாகக் குறையுங்கள்.