எடை குறைப்பு ஆபரேஷனா? அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி கேட்டு முடிக்க வேண்டியது

ஒடம்பு குறைய ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னு எங்கிட்ட கேக்கறவங்க முக்கால்வாசி பேர் ரெண்டே கேள்விதான் கேப்பாங்க, எவ்வளவு செலவாகும், எத்தன கிலோ குறையும். கேக்க வேண்டியதுதான், தப்பில்ல. ஆனா இரைப்பைய சின்னதாக்கற பைபாஸ் ஆபரேஷன் (இதய பைபாஸ் இல்ல) பண்ணிக்கிட்டு சில வருஷமா அதோடயே வாழ்ற ஆளா சொல்றேன், தியேட்டருக்குள்ள நடக்கறது சில மணி நேர வேலை, நீங்க காசு குடுத்து வாங்கறது அதுக்கப்புறம் வருஷக்கணக்கா உங்க ஃபோனை எடுக்கப்போற ஒரு டீமை, கூடவே ஆயுசுக்கும் முழுங்கப்போற மாத்திரையை. இந்த ரெண்டுக்கும் தயார்னா மத்ததெல்லாம் கத்துக்கலாம்.

"வாயக் கட்டுனா தானா குறையும்"னு சொல்ற சொந்தக்காரங்களுக்கு ஒரு பதில சொல்லிட்டு போயிடறேன். நல்லா குண்டான ஒடம்புல எடை குறைய ஆரம்பிச்சதும் மூளை அத பஞ்சம்னு எடுத்துக்குது, பசி ஹார்மோன் ஏறுது, ஒடம்பு செலவு பண்ற கலோரி இறங்குது, அதனாலதான் மூணு மாசம் பட்டினி கெடந்து குறைச்சத ஆறே மாசத்துல திரும்ப ஏத்திக்கிறோம். மன உறுதி இல்லாம இல்ல. தமிழ்நாட்டுல 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புப்படி பெண்கள்ல நூத்துக்கு 40 பேர் அதிக எடைல இருக்காங்க, அத்தன பேரும் சோம்பேறியா என்ன?

சரி, மொதல்ல கணக்கு. எடைய கிலோவுல எடுத்து, மீட்டர்ல இருக்கற உயரத்தால ரெண்டு தடவ வகுத்தா பிஎம்ஐ. 160 சென்டிமீட்டர் உயரம், 96 கிலோன்னா 37.5 வரும். நம்ம ஊர் சர்ஜன்கள் ரொம்ப நாளா வச்சிருக்கற அளவு, வேற வியாதி இல்லாட்டி 37.5, சுகர், பிபி, தூக்கத்துல மூச்சு நிக்கறதுன்னு ஏதாவது சேந்திருந்தா 32.5. 2022ல சர்வதேச சர்ஜன் சங்கங்கள் இத இன்னும் தளர்த்தி, 35க்கு மேல இருந்தா வேற வியாதி இல்லாட்டியும் பண்ணலாம், ஆசியாக்காரங்களுக்கு 27.5லேர்ந்தே யோசிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதே பிஎம்ஐக்கு நமக்கு வயித்துக்குள்ள கொழுப்பு அதிகம் சேருது, சுகரும் சீக்கிரம் வருது, அதான் காரணம். ஆனா பண்ணலாம்ங்கறது வேற, பண்ணியே ஆகணும்ங்கறது வேற. பத்து கிலோ குறைக்க வேண்டிய கல்யாணப் பொண்ணுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

டெஸ்ட்டுக்குப் போகும்போது ஒண்ணு கவனிங்க, பிபி பாக்கறப்ப கைல சுத்தற பட்டை. பெரிய கைக்கு சாதாரண சைஸ் பட்டைய இழுத்துப் புடிச்சு ஒட்டுனா பிபி உண்மைய விட அதிகமா காட்டும். நெறைய கிளினிக்ல அந்த ஒரே பட்டைதான் இருக்கு, காத்து ஏத்துனதும் படார்னு பிரிஞ்சுக்கும், நர்ஸ் நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க. கூச்சப்படாம "பெரிய சைஸ் இருக்கா"ன்னு கேளுங்க. அது இல்லாத எடத்துல, எடை மிஷின் 120 கிலோவோட நிக்கிற எடத்துல, இந்த ஆபரேஷன் பண்றோம்னு போர்டு மட்டும் இருந்தா எனக்கு சந்தேகம்தான் வரும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி எண்டோஸ்கோப்பி, வயித்து ஸ்கேன், எக்கோ, தைராய்டு, மூணு மாச சுகர், வைட்டமின் அளவு, தூங்கறப்ப மூச்சு நிக்குதான்னு பாக்கற தூக்க டெஸ்ட் எல்லாம் பாப்பாங்க. இதுல எண்டோஸ்கோப்பியையும் தூக்க டெஸ்ட்டையும் தட்டிக் கழிக்காதீங்க. கொறட்டை விட்டுட்டே திடீர்னு சத்தம் நின்னு அப்புறம் மூச்சு முட்டி எழுந்திரிக்கறவங்களுக்கு மயக்க மருந்து குடுக்கறது தனி ரிஸ்க், அவங்களுக்கு முன்கூட்டியே மூச்சுக்கு உதவற மிஷின் மாட்டி தூங்கப் பழக்கணும். வீட்டுக்காரர ராத்திரி ஃபோன்ல உங்க கொறட்டைய ரெக்கார்ட் பண்ணச் சொல்லி டாக்டர்கிட்ட போட்டுக் காட்டுங்க, ஆயிரம் வார்த்தை பேசறது மிச்சம்.

ஸ்லீவா பைபாஸா?

ஸ்லீவ்னா இரைப்பைல முக்கால் பங்குக்கு மேல ஸ்டேப்ளர் வச்சு வெட்டி எடுத்துட்டு, வாழைப்பழம் மாதிரி நீளமா ஒரு குழாய மட்டும் விடுறது. பசி ஹார்மோன் அதிகமா சுரக்கற பகுதியும் வெளிய போயிடறதால பசியும் குறையும். குடல்ல கை வைக்க மாட்டாங்க. வெட்டி எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. பைபாஸ்ல இரைப்பையோட மேல் பக்கத்துல 30 மில்லி அளவுக்கு ஒரு சின்ன பை பிரிச்சு, சிறுகுடல்ல ஒரு பகுதிய தாண்டி நேரா அதோட இணைப்பாங்க, சாப்பாடு அந்த வழியா போறப்ப குடல் ஹார்மோன்கள் மாறி சுகர் வேகமா இறங்கும். மினி பைபாஸ்னு ஒரே ஒரு இணைப்போட பண்றதும் நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், அதுல சிலருக்கு பித்த நீர் மேல ஏறி வரும்.

இதுல உங்களுக்கு எதுன்னு தீர்மானிக்கறது பேக்கேஜ் விலை இல்ல. நெஞ்செரிச்சல் ஏற்கனவே படுத்துதுன்னா ஸ்லீவ் அத அதிகமாக்க வாய்ப்பு உண்டு, எனக்கு பைபாஸ் சொன்னதுக்கு அதுதான் காரணம். ரொம்ப வருஷ சுகர், இன்சுலின் வரைக்கும் போயாச்சுன்னா பைபாஸ் பக்கம் சாயறது நியாயம். மூட்டு வலிக்கோ வாதத்துக்கோ தெனமும் வலி மாத்திரை போட்டே ஆகணும், இல்ல சிகரெட்ட விட முடியலைன்னா பைபாஸ்ல இணைப்புல புண் வரும், அப்ப ஸ்லீவ பத்தி பேசலாம் (சிகரெட்ட எப்படியும் விட்டுத்தான் ஆகணும், அது வேற கதை). ரெண்டுலயும் தோராயமா மொத்த எடைல கால் பங்குலேர்ந்து முப்பது சதவீதம் வரைக்கும் குறையும், 100 கிலோ ஆளு 70, 75ல வந்து நிக்கலாம், ரெண்டு வருஷத்துக்கப்புறம் கொஞ்சம் ஏறவும் செய்யும். ஐம்பது கிலோவுக்கு வந்துடுவீங்கன்னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

எடை குறைக்கற ஊசி இருக்கே, ஆபரேஷன் எதுக்குன்னு இப்ப எல்லாரும் கேக்கறாங்க. 2025 மார்ச்ல மௌன்ஜாரோ, ஜூன்ல வெகோவின்னு இந்தியாவுக்கு வந்தாச்சு, நெஜமாவே வேலை செய்யுது, 27லேர்ந்து 35 வரைக்கும் பிஎம்ஐ உள்ளவங்க மொதல்ல டாக்டர்கிட்ட அத பத்திதான் பேசணும்னு நான் நெனைக்கிறேன். ஆனா நிறுத்துனா எடை பெரும்பாலும் திரும்பி வருது, மாசா மாசம் வருஷக்கணக்கா காசு போகும், 40, 45ன்னு பிஎம்ஐ இருக்கறவங்களுக்கு ஊசி மட்டும் பத்தாம போகலாம். ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல, ஆபரேஷனுக்கு முன்னாடியும் அப்புறமும் ஊசி போட்டுக்கறவங்க இருக்காங்க.

ஆஸ்பத்திரி புடிக்கறது

சாவு ரிஸ்க் நல்ல கைல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு, பித்தப்பை ஆபரேஷன் மாதிரி கம்மிதான். ஆனா அந்த ஒண்ணு நடக்கறப்ப அங்க என்ன வசதி இருக்குங்கறதுதான் எல்லாம். 2024ல சென்னை புறநகர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷன் டேபிள்லயே ஒரு இளைஞர் நெலமை மோசமாகி, அப்புறம் இறந்து போய் சுகாதாரத்துறை விசாரணை வரைக்கும் போச்சு, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அதனால முதல் கன்சல்டேஷன்லயே கேளுங்க: இந்த சர்ஜன் வருஷத்துக்கு எத்தன கேஸ் பண்றாரு, அதே பில்டிங்ல ஐசியு இருக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு உள்ள வெட்டி இணைச்ச எடத்துல கசிவு வந்தா திரும்ப தியேட்டர் தொறக்க யார் இருக்காங்க, டயட்டீஷியன் ஆஸ்பத்திரி ஆளா இல்ல ஒரு பேப்பர் குடுத்துட்டு போயிடற ஆளா, அஞ்சு வருஷம் முன்னாடி பண்ணிக்கிட்ட ரெண்டு பேர்கிட்ட பேச முடியுமா. கடைசி கேள்விக்கு முகம் சுளிச்சா உங்களுக்கு பதில் கெடச்சாச்சு. "இந்த வாரம் சேந்தா ஐம்பதாயிரம் கம்மி"ன்னு கூப்புடற எடத்துக்கு நான் என் எதிரியையும் அனுப்ப மாட்டேன்.

இன்சூரன்ஸ் விஷயத்துல ஏமாறாதீங்க. பாலிசியில பொதுவா எழுதியிருக்கற விதி என்னன்னா, 18 வயசு ஆகியிருக்கணும், டாக்டர் எழுதிக் குடுத்திருக்கணும், சின்ன சிகிச்சையெல்லாம் பாத்தும் குறையலைன்னு இருக்கணும், பிஎம்ஐ 40, இல்லாட்டி 35ஓட கட்டுக்கடங்காத சுகரோ, கடுமையான தூக்க மூச்சடைப்போ, இதய வியாதியோ. டாக்டர் பண்ணலாம்னு சொல்ற அளவும் கம்பெனி காசு தர்ற அளவும் வேற வேறன்னு புரியுதா, மேல சொன்ன 160 சென்டிமீட்டர் ஆளு 96 கிலோவுல ஆபரேஷனுக்குத் தகுதி, ஆனா சுகர், மூச்சடைப்புன்னு எதுவும் இல்லாட்டி க்ளைமுக்கு 102 கிலோவுக்கு மேல இருக்கணும். அதனால பழைய டயட் சார்ட், எடை எழுதுன ஓபி சீட்டு, தூக்க டெஸ்ட் ரிப்போர்ட், சுகர் ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க. புது பாலிசின்னா காத்திருப்பு காலமும் இருக்கும், ஏஜென்ட் வாய் வார்த்தைய நம்பாம பாலிசிய எடுத்துப் படிங்க. எடை குறைஞ்சப்புறம் தொங்கற சதைய எடுக்கற ஆபரேஷன் இந்த க்ளைம்ல சேராது, அது அழகு சிகிச்சைன்னு தள்ளிடுவாங்க.

முன்னாடி ரெண்டு வாரம், பின்னாடி ரெண்டு மாசம்

முன்னாடி ரெண்டு வாரம் மாவுச்சத்து கம்மியா புரதம் அதிகமா, கலோரி ரொம்ப கம்மியா ஒரு டயட் குடுப்பாங்க. கல்லீரல்ல இருக்கற கொழுப்பு சுருங்குனாதான் சர்ஜனுக்கு அத தூக்கிட்டு இரைப்பைய பாக்க முடியும். "கடைசியா ஒரு தடவ"ன்னு பிரியாணிய வெட்டாதீங்க, கஷ்டம் டேபிள்ல உங்களுக்குத்தான்.

ஆபரேஷன் அன்னிக்கே எழுப்பி நடக்க வைப்பாங்க, திட்டிக்கிட்டாவது நடங்க, கால்ல ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போறத தடுக்கறது அந்த நடைதான். வீட்டுக்கு வந்தப்புறம் நாடித்துடிப்பு 120 தாண்டுது, ஜுரம், இடது தோள்பட்டைல வலி, மூச்சு வாங்குது, கெண்டைக்கால் வீங்குதுன்னா வாயுன்னு நெனச்சு ஓம வாட்டர் குடிச்சிட்டு படுக்காம ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க. சுகர், பிபி மாத்திரை பழைய அளவுலயே போட்டா சுகர் இறங்கி மயக்கம் போட்டு விழுவீங்க, ஆபரேஷன் ஆன நாள்லேர்ந்தே அளவு மாத்தணும், டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க.

சாப்பாடு மொதல்ல தெளிவான தண்ணி வகையறா, வடிகட்டுன ரசம், இளநீர், அப்புறம் மோர், பருப்புத் தண்ணி, புரதப் பவுடர், அப்புறம் மசிச்சது, அப்புறம் குழைஞ்சது, ரெண்டு மாசத்துல ஓரளவு சாதாரண சாப்பாடு. ஒவ்வொண்ணும் எத்தன நாள்னு உங்க டீம் சொல்லும். நாளைக்கு குறைஞ்சது 60 கிராம் புரதம் வேணும், சைவக்காரங்களுக்கு இது பெரிய தலைவலி, ஏன்னா பருப்பு மட்டும் நம்புனா வயித்துல எடம் பத்தாது, பனீர், சோயா, கெட்டித் தயிர், பவுடர்னு போகணும். சாப்பாட்டுக்கு நடுவுல தண்ணி கெடையாது, அரை மணி நேரம் கழிச்சுதான். குழைஞ்ச சோறு உருண்டையா அடைக்கும், ப்ரெட்டும் அப்படித்தான், ஒவ்வொரு வாயும் கூழாகற வரைக்கும் மெல்லணும்.

கல்யாண பந்திதான் உண்மையான பரீட்சை. இலை போட்டதும் ஸ்வீட்டத்தான் முதல்ல வைப்பாங்க, பைபாஸ் ஆளு வெறும் வயித்துல அந்த ஜாங்கிரிய வாய்ல போட்டா சர்க்கரை நேரா குடலுக்குள்ள எறங்கி பத்து இருபது நிமிஷத்துல படபடப்பு, வேர்வை, வயித்தக் கலக்கி பாத்ரூமத் தேடி ஓடணும். நான் இப்ப பண்றது, குழந்தை பக்கத்துல உக்காந்து ஸ்வீட்ட அங்க தள்ளிட்டு, கூட்டு, பருப்பு, தயிர்னு ஆரம்பிச்சு சோறு வர்றதுக்குள்ள முடிச்சுக்கறது. "ஏம்மா எதுவும் சாப்பிடல"ன்னு பரிமாறவர் கேட்டா வயிறு சரியில்லண்ணே, அவ்வளவுதான், ஊருக்கெல்லாம் விளக்கம் குடுக்கத் தேவையில்ல.

அப்புறம் வர்றது

மூணாவது நாலாவது மாசம் முடி கொத்துக் கொத்தா கொட்டும், புரதமும் இரும்பும் சரியா இருந்தா பெரும்பாலும் திரும்ப வந்துடும், வெங்காயச் சாறு தேய்ச்சு நேரத்த வீணாக்காதீங்க. வேகமா எடை குறையறதால பித்தப்பைல கல் வரும், அதுக்கு ஆறு மாசம் ஒரு மாத்திரை குடுப்பாங்க, நிறுத்தாதீங்க. பொண்ணுங்க ஒண்ணு ஒன்றரை வருஷம் கர்ப்பத்த தள்ளிப் போடணும், ஆனா எடை குறையறப்ப நின்னு போன மாதவிடாய் திரும்ப வரும், எனக்கெல்லாம் குழந்தை நிக்காதுன்னு நெனச்சு அசட்டையா இருக்காதீங்க. சரக்கு பைபாஸுக்கு அப்புறம் சீக்கிரம் ஏறும், மெதுவா இறங்கும், சாப்பாட்டுல கெடச்ச ஆறுதல அதுல தேட ஆரம்பிக்கறவங்களும் உண்டு, வீட்டுல யாராவது கவனிக்கணும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, மல்டிவைட்டமின் ஆயுசுக்கும். மூணு வருஷம் ஒண்ணும் ஆகலையேன்னு மாத்திரைய விட்டவங்களுக்கு கால் மரத்துப்போய் நடை தடுமாறறது நாலாவது வருஷம் வரலாம், அதனால வருஷத்துக்கு ஒரு தடவ ரத்த டெஸ்ட்.

கடைசியா பர்ஸ்ல ஒரு சீட்டு எழுதி வச்சுக்கோங்க, என்ன ஆபரேஷன், எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, டீம் நம்பர். பைபாஸ்னா டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை கூடாதுன்னு பெருசா எழுதுங்க. அடுத்த வரில இது: நாள் கணக்கா வாந்தி எடுத்து துவண்டு போய் பக்கத்து கிளினிக்குக்கு போனா நம்ம ஊர் வழக்கப்படி மொதல்ல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துவாங்க, தயமின்ங்கற பி1 வைட்டமின் குறைஞ்சு போன ஒடம்புல வெறும் குளுக்கோஸ் போனா மூளைய பாதிக்கலாம், அதனால தயமின் ஊசி போட்டுட்டு அப்புறம் ஏத்துங்கன்னு அந்த சீட்ட டாக்டர் கைல குடுங்க, நம்ம டீமுக்கும் அங்கேர்ந்தே ஒரு ஃபோன் போடுங்க.