டெக்கன் மாதிரி ஆடாதீர்கள்: டபிள்யூடபிள்யூஈ 2கே கேமில் பலரும் செய்யும் தவறுகள்

என் சித்தி மகனை டெக்கன் என்ற சண்டை கேமில் அசைக்க ஆளில்லை. ஒருநாள் அவன் கையில், ஆண்டு எண்ணோடு வரும் டபிள்யூடபிள்யூஈ 2கே ரெஸ்லிங் கேம்களில் ஒன்றான 2கே23-ஐக் கொடுத்தேன். கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அழுத்தினான். அவன் எடுத்த ரெஸ்லர் ரே மிஸ்டீரியோ ஓடினார், கயிற்றில் மோதித் திரும்பினார், அடி வாங்கினார், நாலு நிமிடத்தில் 'பின்' ஆகி, அதாவது மூன்று எண்ணும் வரை தோள் தரையில் அமுங்கி, தோற்றார். "மொக்கை கேம்" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

கேமில் குறைகள் உண்டுதான். அவன் தோற்றதற்கு அவை காரணமில்லை. ரெஸ்லிங் என்பது யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்து ஆடும் கூத்து. அதை வைத்துச் செய்த கேமும் கூத்தின் முறைப்படியே நடக்கும். முதலில் சின்னச் சின்ன அடி, நடுவில் ஒருவர் நொந்து கிடப்பது, அப்புறம் அவர் எழுந்து திருப்பிக் கொடுப்பது, கடைசியில் ஆட்டத்தை முடிக்கும் பெரிய அடியான ஃபினிஷர். இந்த வரிசையை மறந்து எடுத்தவுடன் முடிக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

2கே22-இல் கன்ட்ரோலை அடியோடு மாற்றினார்கள். பிளேஸ்டேஷனில் சதுரம் லேசான அடி, எக்ஸ் பலமான அடி, வட்டம் பிடி. மூன்றையும் கோத்தால் காம்போ. இதைப் பார்த்ததும் டெக்கன் ஆட்கள் ஒரே காம்போவை மனப்பாடம் செய்து திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இங்கே அது எடுபடாது. நீங்கள் காம்போ போடும்போது உங்கள் அடுத்த அடிக்குரிய அதே பட்டனை எதிராளி அழுத்திவிட்டால் காம்போ அங்கேயே உடைந்துவிடும். இதற்கு பிரேக்கர் என்று பெயர். சதுரம், சதுரம், சதுரம் என்று போகிறவரைச் சின்னப் பையன்கூட உடைத்துவிடுவான். இரண்டு அடிக்குப் பிறகு திடீரென்று பிடிக்குப் போங்கள், எதிராளி தடுமாறுவார்.

எதிராளியின் அடியை அவர்மேலேயே திருப்பிவிடும் ரிவர்சலிலும் இதே கதைதான். தலைக்கு மேல் முக்கோணம் ஒரு கணம் தோன்றும்போது அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். வருமோ வராதோ என்ற பயத்தில் முன்கூட்டியே தட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கணம் தவறிவிடும். காத்திருப்பதற்குத்தான் பழகவேண்டும். அது கைவரும் வரை ஆர்1 அழுத்தி விலகிக்கொள்ளலாம். விலகிய அடுத்த நொடி எதிராளி திறந்துகிடப்பார். அப்போது அடித்தால் நேரே விழும்.

இனி ஃபினிஷர். மீட்டர் நிறைந்ததும் போட்டுவிட்டு உடனே பின் செய்வது எல்லோருக்கும் உள்ள அவசரம். உடலில் தெம்பு மீதமிருக்கும் ஆள் ஃபினிஷர் வாங்கியும் தோளைத் தூக்கிவிடுவார். முதலில் அடித்துக் களைப்பாக்குங்கள். ஃபினிஷரை மூன்று வரை சேர்த்துவைக்கலாம். 2கே24-இல் மூன்றையும் ஒரேயடியாகச் செலவழிக்கும் சூப்பர் ஃபினிஷரும் வந்தது. ஃபினிஷருக்கு அடுத்த நிலைச் சிறப்பு அடியான சிக்னேச்சருக்கும், அடி வாங்குபவர் மீண்டெழ உதவும் பேபேக்குக்கும் ஒரே மீட்டர்தான் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒன்றுக்குச் செலவழித்துவிட்டு மற்றொன்று ஏன் வரவில்லை என்று பட்டனைத் திட்டுவார்கள். பின் ஆகும்போது பட்டனைத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் வலிக்கிறது என்றால், 2கே23-இலிருந்து செட்டிங்ஸில் வேறு வழி இருக்கிறது: வலது ஸ்டிக்கைச் சரியான நேரத்தில் சுண்டினால் போதும்.

லெஜண்ட் கடினநிலையில் ஆடினால்தான் கெத்து என்று ஒரு நினைப்பு. அங்கே கம்ப்யூட்டர் ஆள் அடிக்கடி ரிவர்சல் செய்து உயிரை வாங்குவார். நார்மலில் ஆடுங்கள். அதுவும் சப்பென்று இருந்தால், கேமின் அளவுகளை நாமே கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களுக்குள் போய் எதிராளியின் ரிவர்சல் அளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இந்த கேமின் பெரிய பலங்களில் ஒன்று இந்த ஸ்லைடர்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலேயே கேமை விட்டுவிட்டவர்கள் ஏராளம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மைஜிஎம். ரா, ஸ்மாக்டவுன் போன்ற ஒரு பிராண்டை, அதாவது வாராந்திர நிகழ்ச்சியை, நீங்களே நடத்துவது. 2007-இல் வந்த ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2008-க்குப் பிறகு இந்த மாதிரி மோட் காணாமல்போய், 2கே22-இல்தான் திரும்பியது. இதில் நான் செய்த தவறையே சொல்கிறேன். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பணத்தையெல்லாம் ரோமன் ரெய்ன்ஸ், ப்ராக் லெஸ்னர் போன்ற நாலைந்து பெரிய தலைகள் மேல் கொட்டினேன். வாரா வாரம் அவர்களையே மேட்சில் இறக்கினேன். களைத்தார்கள், காயம்பட்டார்கள். மேட்ச் போட ஆளில்லை, புது ஆளை எடுக்கக் காசில்லை. இரண்டு நட்சத்திரம், மற்றபடி மலிவாகக் கிடைக்கும் நடுத்தர ஆட்கள் என்று எடுப்பதே புத்திசாலித்தனம்.

யாரை யாரோடு மோதவிடுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கேம் ரெஸ்லர்களை வகை பிரித்திருக்கிறது: ஃபைட்டருக்கு ப்ரூசர், க்ரூசருக்கு ஜயன்ட். அதோடு ஒருவர் நல்லவர், மற்றவர் வில்லன். இந்தப் பொருத்தம் பார்க்காமல் பேர் பெரிதாக இருக்கிறதே என்று இரண்டு ராட்சதர்களை மோதவிட்டால் ரேட்டிங் படுத்துவிடும். ஒரு பகையை வாரக்கணக்கில் வளர்த்துப் பெரிய நிகழ்ச்சியில் முடித்துவையுங்கள். சாதாரண வாரத்திலேயே கொட்டித் தீர்த்துவிடாதீர்கள். 2கே22-இல் இந்த மோட் சீக்கிரம் அலுத்துவிடும். ஒரு சீசனோடு முடிந்துவிடும், இரண்டாம் நிலை பட்டங்களும் இல்லை. 2கே23-இல் இரண்டையும் சரிசெய்தார்கள்.

கார்டு சேர்த்து அணி கட்டும் மைஃபேக்ஷன் பக்கம் போனால் பர்ஸைப் பூட்டிவையுங்கள். சின்ன வயதில் டிரம்ப் கார்டு சேர்த்த தலைமுறையின் பலவீனத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு செய்த மோட் அது. பாக்கெட்டைப் பிரித்தால் எந்த கார்டு வரும் என்று தெரியாது. வேண்டியது வரும் வரை இன்னொரு பாக்கெட் வாங்கத் தோன்றும். 2கே25-இல் வந்த தி ஐலண்ட் மோடிலும் காசு கேட்கும் தொல்லை அதிகம். இந்தத் தொடரின் ஆகப்பெரிய குறை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரே வர்ணனை திரும்பத் திரும்ப வருவது, டேக் டீம் பார்ட்னர் வேடிக்கை பார்ப்பது எல்லாம் இதற்கு அடுத்துதான்.

வெளியான அன்றே வாங்குவதும் தவறுதான். 2000-இல் வந்த முதல் ஸ்மாக்டவுன் முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த கேம்களைச் செய்துவந்தது ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம். அவர்கள் விலகியதும் விஷுவல் கான்செப்ட்ஸ் தனியாகச் செய்த 2கே20, 2019 அக்டோபரில் வந்தது. முகங்கள் கோணின, ஆட்கள் ரிங்குக்குள் புதைந்தார்கள். உச்சமாக, 2020 ஜனவரி 1 பிறந்ததும் கேம் திறக்கவே மறுத்தது. கன்சோலின் தேதியை 2019-க்கே திருப்பிவைத்தால் ஓடியது! குறையைச் சரிசெய்யும் பேட்ச் வரும் வரை அதுதான் வைத்தியம். அடுத்த ஆண்டுக்கான கேமையே ரத்து செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவை எவ்வளவோ தேவலை என்றாலும், சில வாரம் பொறுத்தால் பேட்சும் வரும், விலையும் இறங்கும். அதற்காக வருடக்கணக்கில் பொறுக்கவும் வேண்டாம். பழைய பதிப்புகளின் சர்வரை மூடிவிடுவார்கள். மூடினால் மற்ற ரசிகர்கள் உருவாக்கிய ரெஸ்லர்களை இறக்கிக்கொள்ள முடியாது.

ரசிகர்கள் செய்த அந்த ஆட்கள் ஏன் முக்கியம் என்றால், கேமில் இருக்கும் பட்டியல் எப்போதும் நிஜத்துக்குப் பின்னால்தான் வரும். 2கே22 வெளியானது 2022 மார்ச் 11. அதில் இருந்த ஜெஃப் ஹார்டி இரண்டு நாள் முன்பே போட்டி நிறுவனமான ஏஇடபிள்யூவின் மேடையில் தோன்றிவிட்டார். இதை ஏமாற்று என்று திட்டுவதில் பொருளில்லை. கேம் செய்யப் பல மாதமாகும், வேலையிலிருந்து நீக்க ஒரு போன் போதும்.

நிஜத்தில் நடந்த மேட்சுகளைத் திரும்ப ஆடவைக்கும் ஷோகேஸ் மோடில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. 2கே23-இல் ஜான் சீனாவை நிஜத்தில் வென்றவர்களாக நாம் ஆடவேண்டும். 2006-இல் ராப் வான் டாம் அவரைத் தோற்கடித்த மேட்ச் உண்டு. திரையில் சொல்லும் ஒவ்வொரு வேலையையும் வரிசையாகச் செய்தால்தான் பூட்டியிருக்கும் ரெஸ்லர்களும் அரங்குகளும் திறக்கும்.

கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் கீபோர்டை நம்பாதீர்கள். கன்ட்ரோலர் ஒன்று வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. இது தனியாக ஆடி ரசிக்கும் கேம் அல்ல. சித்தி மகன் இப்போது வாரம் தவறாமல் வருகிறான். எப்போதும் அண்டர்டேக்கரைத்தான் எடுப்பான், என்ட்ரன்ஸை ஸ்கிப் செய்யவும் விடமாட்டான். அவர் ரிங்குக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும்.