ஒரு செல்லுக்குள்ள எவ்ளோ வோல்டேஜ் இருக்குன்னு நாமளே கணக்கு போட்டுப் பார்க்கலாம் வாங்க

உயிரோட இருக்கற கிட்டத்தட்ட எந்த செல்லை எடுத்தாலும் சவ்வுக்கு உள்பக்கம் வெளிப்பக்கத்தை விட நெகட்டிவாத்தான் இருக்கும், நரம்பு செல்னா மைனஸ் 70 மில்லிவோல்ட் பக்கம், செடியோட வேர் செல்னா மைனஸ் 120, சிலதுல 180 வரைக்கும்கூட போகும். இது எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சுக்க லேப் எல்லாம் வேண்டாம், லாக் பட்டன் இருக்கற கால்குலேட்டர் போதும்.

ஸ்டெப் 1: நம்பர்களை எழுதிக்கோங்க
நம்ம உடம்பு செல்லுக்கு பொட்டாசியம் உள்ளே 140, வெளியே 5. சோடியம் உள்ளே 12, வெளியே 145. எல்லாம் மில்லிமோலார்ல (தண்ணில எவ்ளோ கரைஞ்சிருக்குங்கற அளவு), தோராயமா. இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கறது சவ்வுல இருக்கற பம்ப், ஒரு ஏடிபி (செல்லுக்கு எனர்ஜி தர்ற மூலக்கூறு) செலவு பண்ணி 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள எடுத்துக்கும். 1957ல இதைக் கண்டுபிடிச்ச யென்ஸ் ஸ்கூவுக்கு 1997லதான் நோபல் கிடைச்சுது.

ஸ்டெப் 2: நெர்ன்ஸ்ட் கணக்கு
ஒரு அயனி, அதாவது சார்ஜ் இருக்கற அணு, எந்த வோல்டேஜ்ல சமநிலைக்கு வரும்னு சொல்ற ஃபார்முலா இது. 37 டிகிரில இவ்ளோதான்: 61.5 × லாக் (வெளியே ÷ உள்ளே). 5ஐ 140ஆல வகுங்க, 0.0357. லாக் அமுக்குங்க, மைனஸ் 1.447. 61.5ஆல பெருக்குங்க, மைனஸ் 89 மில்லிவோல்ட்.

இங்க கொஞ்சம் நின்னு யோசிங்க, விஷயமே இதுலதான் இருக்கு. பொட்டாசியம் உள்ளே ஜாஸ்தியா இருக்கறதால வெளிய கசியுது, போகும்போது பாசிட்டிவ் சார்ஜையும் கூட்டிட்டுப் போயிடுது, அதனால உள்ள நெகட்டிவ் ஆகுது, அந்த நெகட்டிவே பொட்டாசியத்தைத் திரும்ப உள்ள இழுக்குது, ரெண்டு இழுப்பும் சரிசமமாகற இடம்தான் மைனஸ் 89. ரெண்டு பக்கமும் அளவு சமமாகற வரைக்கும் கொட்டிடும்னு நினைச்சுடாதீங்க, கொஞ்சூண்டு அயனி வெளிய போனாலே போதும், உள்ள 140 அப்படியேதான் இருக்கும்.

ஸ்டெப் 3: சோடியத்துக்கும் போடுங்க
145 ÷ 12, லாக் போட்டா பிளஸ் 67 வரும். ஓய்வுல இருக்கற சவ்வுல பொட்டாசியம் சேனல்தான் (பொட்டாசியம் மட்டும் போற வாசல்) அதிகமா திறந்திருக்கும், அதான் நிஜ வோல்டேஜ் மைனஸ் 89 பக்கமா சாய்ஞ்சு மைனஸ் 70ல நிக்குது. சோடியம் சேனல் சட்டுனு திறந்தா உள்பக்கம் பிளஸ்ஸுக்குத் தாவும், நரம்பு சிக்னல்னா அதான். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லினு ரெண்டு விஞ்ஞானிங்க கணவாயோட பெரிய நரம்புல அளந்து 1952ல எழுதினது இதைத்தான்.

அப்படியே வெளிய பொட்டாசியம் 5க்கு பதிலா 10 போட்டுப் பாருங்க, மைனஸ் 89 இருந்த இடத்துல மைனஸ் 70 வரும். இதயத் துடிப்பும் இந்த வோல்டேஜை நம்பித்தான் ஓடுது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா டாக்டருங்க உடனே ஈசிஜி எடுக்கச் சொல்றது இதனாலதான்.

ஸ்டெப் 4: இப்போ செடி
உள்ளே பொட்டாசியம் 100, வெளியே 1னு வச்சுக்கோங்க, 20 டிகிரில 61.5க்கு பதில் 58 போடணும். லாக் மைனஸ் 2, அப்போ மைனஸ் 116. ஆனா மெல்லிசான கண்ணாடி எலக்ட்ரோடை செல்லுக்குள்ள குத்தி அளந்தா மைனஸ் 150கூட காட்டும். பொட்டாசியக் கசிவால மட்டும் இவ்ளோ கீழ இறங்கவே முடியாது. செடியோட சவ்வுல இருக்கற புரோட்டான் பம்ப், ஏடிபியை எரிச்சு ஹைட்ரஜன் அயனியை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு, மிச்ச நெகட்டிவ் அது நேரடியா போடறது. சயனைடு குடுத்து ஏடிபி தயாரிப்பை நிறுத்தினா, கொஞ்ச நேரத்துலயே வோல்டேஜ் பொட்டாசியக் கணக்குல வந்த நம்பர் பக்கம் ஏறி வந்துடும்.